ஆள் இல்லையென்றால் கட்டிலைக் குறையுங்கள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் முதியோர் இல்லம் நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

கல்யாண வீடோ, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவோ, உங்களில் யாரைப் பார்த்தாலும் நலம் விசாரித்து முடிப்பதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "சிஸ்டர், நல்ல பொம்பளையாளுங்க ரெண்டு பேர் இருந்தா அனுப்பி வைங்களேன்." அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, பிறகு இங்கே சில இல்லங்களில் இன்சார்ஜாக இருந்தவள் என்பதால் என்னிடம் ஆள் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். இருக்கிறார்கள். ஆனால் கொஞ்ச காலமாக நான் யாரையும் எங்கேயும் அனுப்புவதில்லை. நேரில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுகிறேன். எழுதினால் மழுப்ப முடியாது, அதனால் எழுதுகிறேன்.

"ஆளே கிடைக்கிறதில்லை" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் ஆபீஸ் அலமாரியில் இருக்கும் வருகைப் பதிவேட்டை எடுத்து, போன சித்திரையிலிருந்து எத்தனை புதுப் பெயர் ஏறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ஓமலூர், கன்னங்குறிச்சி என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்திருக்கிறார்கள். மேலே ஏற்காட்டு மலையில் நாகலூர், செம்மநத்தம், வெள்ளக்கடை ஊர்களிலிருந்தும் வந்திருக்கிறார்கள். வந்த பெயர்களில் பல முதல் சம்பளம் வாங்கிய மறுநாளோடு நின்றுபோயிருக்கும். சம்பளத்தைக்கூட வாங்காமல் போனவர்களும் இருப்பார்கள். அவர்களைப் பற்றித்தான் "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு உடம்பு வணங்கறதில்லை" என்கிறீர்கள்.

அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே நாள் முழுக்க நிற்பவர்களும், செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும், ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்ப்பவர்களும் இதே வீடுகளிலிருந்து வருகிறவர்கள்தான். அங்கே வருடக் கணக்கில் இருக்கிறவர்கள் உங்களிடம் மாதக் கணக்கில்கூட இருப்பதில்லை என்றால், கோளாறு அவர்கள் உடம்பில் இல்லை.

சேலத்தில் உட்கார்ந்து பொம்பளையாள் கிடைக்கவில்லை என்று பேசும்போது எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் முதலில் ஆரம்பித்தது இந்த மாவட்டத்தில்தான். பெண் சிசுக்கொலையால்தான் ஆரம்பிக்க வேண்டி வந்தது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அப்போது பிறந்து வளர்ந்திருக்க வேண்டியவர்களுக்கு இன்று முப்பதுக்கு மேல் ஆகியிருக்கும். நீங்கள் தேடுகிற வயது அதுதான். இதற்கு நீங்கள் பொறுப்பில்லை, சரி. ஆனால் இந்த ஊரில் பெண் கைகள் கணக்கில்லாமல் கிடைக்கும் என்று நம்பிக் கட்டடம் கட்டியவர்கள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

கணக்குக்கு வருகிறேன். முப்பது கட்டில் உள்ள ஒரு இல்லத்தை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர் தானாக நடமாடுகிறவர்கள், பத்துப் பேர் கைப்பிடித்தால் நடக்கிறவர்கள், பத்துப் பேர் படுக்கையோடு இருப்பவர்கள். இவர்களுக்குக் காலையில் நாலு பேர், மாலையில் மூணு பேர், இரவில் ரெண்டு பேர் என்பது தாராளம் இல்லை. குளிப்பாட்டி, டயப்பர் மாற்றி, சாப்பாடு ஊட்டி, மாத்திரை கொடுக்க அதுதான் குறைந்தபட்சம். ஒரு நாளைக்கு ஒன்பது டூட்டி, எட்டு மணி நேரம் வீதம் 72 மணி நேரம். முப்பது பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு 2 மணி 24 நிமிடம் வருகிறது. வாரத்துக்கு மொத்தம் 504 மணி நேரம். சட்டப்படி ஒருத்தர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம் என்றால் பத்தரை ஆள் வேண்டும். லீவு, காய்ச்சல், வீட்டுத் துக்கம், குழந்தைக்கு ஸ்கூல் மீட்டிங் எல்லாம் சேர்த்தால் பதின்மூன்று.

இப்போது உங்கள் இல்லத்தில் இருப்பது எத்தனை பேர்? நான் பார்த்த இடங்களில் இந்த அளவு கட்டிலுக்கு ஆறு பேர். பகலில் நாலு, இரவில் ரெண்டு, பன்னிரண்டு மணி நேர டூட்டி, வார ஆஃப் என்பது "ஆள் இருந்தா பார்க்கலாம்". அப்படியென்றால் ஒவ்வொருத்தரும் வாரத்துக்கு 84 மணி நேரம் நிற்கிறார்கள். ஆறு பேர் சம்பளத்தில் பத்தரைப் பேர் வேலை நடக்கிறது. மாலை ஏழு மணிக்கு உள்ளே போய் காலை ஏழுக்கு வெளியே வந்து, மத்தியானம் இரண்டு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு மறுபடி ஏழுக்கு உள்ளே வருகிறவள் எத்தனை மாதம் தாங்குவாள்?

சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலும் இருந்தது, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. 84-ல் 48 போக மீதி 36 மணி நேரத்துக்கு இரட்டிப்பாகத் தந்தால் ஒருத்திக்கு 120 மணி நேரக் கூலி ஆகிறது. ஆறு பேருக்கு 720. எட்டு மணி நேர டூட்டியில் பத்தரைப் பேருக்குத் தர வேண்டியது 504 தான். சட்டத்தை மதித்து நடத்தினால் பன்னிரண்டு மணி நேர டூட்டிதான் அதிகச் செலவு. மதிக்காமல் நடத்துவதால் மட்டுமே அது மலிவாகத் தெரிகிறது. இதை உங்கள் ஆடிட்டர் சொல்லியிருக்க மாட்டார், அவரிடம் நீங்கள் கேட்டிருக்கவும் மாட்டீர்கள்.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஆறு பேர், ஆளுக்கு 48 மணி நேரம், வாரத்துக்கு 288. ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு அதே 2 மணி 24 நிமிடம் என்றால் அந்த ஆறு பேரால் பதினேழு பேரைப் பார்க்க முடியும். லீவுக்கு விட்டுக்கொடுத்தால் சுமார் பதினாலு. முப்பது கட்டில் உள்ள இல்லம் என்று போர்டு வைத்திருக்கிறீர்கள். கையில் இருக்கும் ஆளை வைத்துப் பார்த்தால் உங்களுடையது பதினாலு கட்டில் இல்லம்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஆள் எவ்வளவோ அவ்வளவுதான் கட்டில். ஆள் சேரும்வரை புது அட்மிஷன் போடாதீர்கள். இருக்கிற யாரையும் வெளியே அனுப்பச் சொல்லவில்லை. ஒரு கட்டில் காலியானால், டூட்டி சார்ட் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்தவரைச் சேருங்கள். நிரம்பவில்லையென்றால் அந்தக் கட்டில் காலியாகவே கிடக்கட்டும்.

"வாடகை யாரு கட்றது, பேங்க் லோன் யாரு கட்றது?" என்று கேட்பீர்கள் என்று தெரியும். நியாயமான கேள்விதான். ஒரு இல்லத்தில் நான் இன்சார்ஜாக இருந்தபோது அந்த நிர்வாகியைக் கெஞ்சிக் கூத்தாடி இதைச் செய்ய வைத்தோம். அவர் பல ராத்திரி தூங்கவில்லை. மாதக் கட்டணத்தையும் ஏற்ற வேண்டி வந்தது, இரண்டு குடும்பங்கள் கட்டுப்படியாகவில்லை என்று பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டன. அதில் ஒரு தாத்தாவை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் அந்த வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் ஒருத்தி தவிர எல்லாரும் திரும்பி வந்தார்கள். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும். தை மாதம்தானே நமக்கு ஆள் கரைகிற மாதம்.

செலவையும் மறைக்காமல் சொல்கிறேன். மாதச் சம்பளம் கணக்குக்காக 12,000 என்று வைப்போம். உங்களில் சிலர் கூடத் தருகிறீர்கள், சிலர் குறைத்தும் தருகிறீர்கள். பத்துப் பேர் வேலை செய்தாலே இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு வந்துவிடுகிறது. சமையல், வாட்ச்மேன், கூட்டிப் பெருக்குகிறவர் என்று சேர்த்தால் நீங்கள் யாரும் பத்துக்குக் கீழே இல்லை. உங்கள் பங்கு 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய். வேலையாள் பங்கு 0.75 சதவீதம், 90 ரூபாய். ஆறு பேரைப் பதின்மூன்று ஆக்க இன்னும் ஏழு பேர். மாதம் 86,730 ரூபாய் கூடும். முப்பது பேருக்குப் பிரித்தால் தலைக்கு 2,900 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சிறு தொகை இல்லை. தர்மத்துக்கு நடத்தும் இல்லங்களுக்கு இது பெரிய பாரம். அதனால்தான் கட்டிலைக் குறையுங்கள் என்பதை முதலில் சொன்னேன், கட்டணத்தைக் கூட்டுங்கள் என்பதை இரண்டாவதாகச் சொல்கிறேன்.

மறுபக்கக் கணக்கை யாரும் எழுதுவதில்லை. ஏஜென்சிக்குக் கொடுத்த கமிஷன், அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஓடிப்போனவர்கள், புதுசாக வந்தவளுக்கு யாருக்குச் சர்க்கரை, யாருக்குச் சாப்பாடு புரையேறும் என்று தெரியாததால் நடந்த விபரீதங்கள், முதுகில் புண் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஆம்புலன்ஸ். இவற்றுக்கு உங்கள் லெட்ஜரில் தனிப் பக்கம் கிடையாது.

இரவு டூட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஓடிப்போனவர்களில் பெரும்பாலோர் ஓடியது இரவிலிருந்துதான். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஏர் பெட் போட்டுவிட்டால் வேண்டாம் என்று சிலர் நினைக்கிறீர்கள், அப்படி இல்லை. பத்துப் பேர், இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று நாலு சுற்று, மொத்தம் நாற்பது தடவை. நனைந்த டயப்பரை மாற்றி, தோலைப் பார்த்து, தலையணை வைத்துத் திருப்ப ஒருவருக்கு எட்டு நிமிடம் என்றாலும் 5 மணி 20 நிமிடம் போய்விடும். அதுவும் இரண்டு பேர் சேர்ந்து செய்தால்தான். படுக்கை விரிப்பை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே போட்டு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் எண்பது கிலோ ஆளைக்கூட முதுகு பிசகாமல் திருப்பலாம். தனியாகச் செய்கிறவளுக்கு அந்த வழியே கிடையாது. கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவாள். பெரியவருக்குத் தோள் வலிக்கும், அவளுக்கு இடுப்பு போகும்.

நடுவில் ஒரு பாட்டி கேட்டைத் திறக்கச் சொல்லி அழுவார், பேரனை ஸ்கூலில் விட வேண்டுமாம். ஒரு தாத்தா ட்யூபைப் பிடுங்கிக்கொள்வார். இதற்கெல்லாம் நடுவே, சேர்ந்து மூன்றாம் நாள் ஆன ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணை "கூட ஒருத்தி லீவு, இன்னைக்கு மட்டும் சமாளிச்சுக்கோ கண்ணு" என்று தனியாக விட்டுவிட்டுப் போகிறோம். இரண்டரை மணிக்கு யாருக்காவது மூச்சு நின்றால் அவள் யாரைக் கூப்பிடுவாள்? உங்கள் ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். விடியும்வரை அந்த அறைக்கும் வராந்தாவுக்கும் நடந்துகொண்டே இருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவள் இப்போது ஒரு துணிக்கடையில் நிற்கிறாள், சம்பளம் இங்கே வாங்கியதைவிடக் குறைவு. திரும்ப வர மாட்டேன் என்கிறாள்.

ஆகவே, முதல் பதினைந்து நாள் புது ஆளை இரவில் தனியாக விடாதீர்கள். முதல் இரண்டு மூன்று இரவு பழைய ஆளோடு நிழலாகவே சுற்றட்டும், அவளை ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள். இரவில் எடுக்கும் ஒரு ஃபோன் நம்பர் சுவரில் இருக்கட்டும். டூட்டி சார்ட்டை மாதத்தின் முதல் நாளே எழுதி ஒட்டுங்கள், ஒட்டியபின் ஆஃபில் கை வைக்காதீர்கள். ஒரு ஆயா என்னிடம் சொன்னாள், "சம்பளம் ரெண்டு நாள் தள்ளிப் போனாக்கூடப் பொறுத்துக்கறேனுங்க சிஸ்டர், ஆஃபைப் புடுங்கினா மட்டும் மனசு விட்டுப் போயிடுது." அன்று அவள் மகளுக்குச் சீர்.

இன்சுலின் ஊசி போடுவது, மூக்கு ட்யூப் போடுவது, கதீட்டர் மாற்றுவது எல்லாம் படித்துப் பதிவு செய்த நர்ஸின் வேலை. ஆயாவைச் செய்யச் சொன்னால் அவள் செய்வாள், ஆனால் ஒவ்வொரு தடவையும் போலீஸ் ஸ்டேஷனை நினைத்துக்கொண்டு செய்வாள். பயந்துகொண்டே யாரும் ஒரு இடத்தில் நிலைக்க மாட்டார்கள். இது பெரிதாக விளக்க வேண்டிய விஷயம் இல்லை.

இனி, கூட்டங்களில் யாரும் வாய் திறக்காத விஷயம் ஒன்று. உள்ளே வருகிற பெண்ணிடம் நம் பெரியவர்கள் முதலில் கேட்பது, "நீங்க என்ன ஆளுங்க?" என்று. பதிலைக் கேட்டுவிட்டு அவள் கையால் தண்ணீர் வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள், குளிப்பாட்டலாம், மலம் அள்ளலாம், ஆனால் தண்ணீர் மட்டும் கூடாது. பிள்ளைகளும் "அப்பா கொஞ்சம் பழைய மனுஷன், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று உங்கள் ஆபீஸில் வந்து சொல்கிறார்கள், நீங்களும் டூட்டியை மாற்றிப் போட்டு அட்ஜஸ்ட் செய்துவிடுகிறீர்கள். டூட்டி மாற்றப்பட்டவளுக்கு ஏன் மாறியது என்று தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? சாயங்காலமே பையைக் கட்டிவிடுவாள். அட்மிஷன் ஃபாரத்திலேயே எழுதி கையெழுத்து வாங்குங்கள்: எங்கள் ஆள் யாராக இருந்தாலும் அவர் கையால்தான் உங்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும். முடியாது என்கிற குடும்பம் வேறு இடம் பார்க்கட்டும். ஒரு அட்மிஷன் போனால் போகிறது, ஒரு நல்ல ஆள் போனால் அடுத்தவள் வர மாதக் கணக்காகும்.

அதேபோல, கை நீட்டுகிற தாத்தாக்கள். மறதி நோயில் கூச்சம் போய்விடுவது உண்டு, அது நோய். நோயே இல்லாமல் தெரிந்தே செய்கிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் "வயசானவர், கண்டுக்காதே" என்று ஒரே பதில் சொல்வதுதான் தப்பு. முதலாவதற்கு ஆண் அட்டெண்டரை மாற்றி விடலாம், அதற்கு உங்களிடம் ஆண் அட்டெண்டர் இருக்க வேண்டும். விளம்பரத்தில் பெண்கள் மட்டும் தேவை என்று போடுவதால் ஆண்கள் வருவதே இல்லை. இரண்டாவதற்கு, வேலை இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். உங்களில் எத்தனை பேர் அமைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

திருட்டுப் பழியும் அப்படித்தான். மூன்று வருடம் மலம் அள்ளி, தலை சீவிப் பொட்டு வைத்துப் பார்த்துக்கொண்ட பாட்டி இறந்துபோகிறார். வெளியூரிலிருந்து மகன் வந்து இறங்கியதும் கேட்பது, "அம்மா கையில இருந்த மோதிரம் எங்கே?" அழுதுகொண்டு நிற்கும் ஆயாவின் பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். மோதிரம் இரண்டு வருடம் முன்பே மகள் வீட்டுக்குப் போயிருக்கும். சேர்க்கும்போதே நகையைக் கழற்றிக் குடும்பத்திடம் கொடுத்து, நோட்டில் எழுதி, இரண்டு கையெழுத்து வாங்கினால் தீர்கிற விஷயம் இது. செய்யாததற்குக் காரணம் சோம்பல் தவிர வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டுகிறவர்களுக்கும், முதல் மாதச் சம்பளத்தை "டெபாசிட்" என்று நிறுத்தி வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூட்டி வைத்தால் ஆள் தங்குவாள்தான், எப்போது சாவி கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டே. அப்படித் தங்குகிறவள் கையில் உங்கள் அம்மாவை விடுவீர்களா?

வடக்கிலிருந்து ஆள் கூட்டி வருவது இப்போது பெருகியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, பலர் பொறுமைசாலிகள். ஆனால் மறதி நோய் முற்ற முற்றப் பலர் சிறு வயதில் பேசிய பேச்சுக்குத் திரும்பிவிடுகிறார்கள். சேலத்தில் அது தமிழாக மட்டும் இருக்காது. நெசவுக் குடும்பங்களில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் வீட்டுப் பேச்சு. ஒரு இல்லத்தில் கன்னடத்தில் மட்டும் முனகிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் யார் ஊட்டினாலும் துப்பிவிடுவார். அம்மாபேட்டையிலிருந்து வந்த ஒரு தேவாங்கர் வீட்டுப் பெண் "அவ்வா, ஊட்டா மாடு" என்று கன்னடத்தில் சாப்பிடச் சொன்னதும் வாயைத் திறந்தார். அந்தப் பெண்ணுக்கு மாதம் ஐந்நூறு கூட்டிக் கொடுத்துத் தக்கவைத்திருக்கலாம். கொடுக்கவில்லை, தறிக்கே போய்விட்டாள். பேச்சு தெரிந்த உள்ளூர் ஆளை ஒரு தகுதியாகக் கணக்கில் வைத்து அதற்குக் காசு கொடுங்கள்.

காசு என்றதும், ஐந்து வருடம் இருந்தவளுக்கும் நேற்று வந்தவளுக்கும் ஒரே சம்பளம் என்ற வழக்கத்தையும் விடுங்கள். சில இடங்களில் நேற்று வந்தவளுக்கே கூட, ஏனென்றால் அவளைப் பிடிக்க விலை ஏறியிருக்கிறது. பழையவளுக்கு அது எப்படியும் தெரிந்துவிடும், சமையலறையில் ரகசியம் நிற்காது. "சேவை மனப்பான்மை உள்ள பெண்கள் தேவை, உணவு, தங்குமிடம் இலவசம்" என்று விளம்பரம் போடும்போது சம்பளம் எவ்வளவு, டூட்டி எத்தனை மணி நேரம் என்பதையும் போடுங்கள். தங்குமிடம் என்று நீங்கள் சொல்வது பல இடங்களில் வராந்தாவில் ஒரு பாய்தான். உணவு என்பது பெரியவர்கள் சாப்பிட்டபின் மிஞ்சிய உப்பில்லாக் குழம்பு. பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவளுக்கு உப்பு, காரத்தோடு ஒரு சாம்பார் வைக்கச் சமையல்காரம்மாவிடம் சொல்லக்கூடாதா?

ஏற்காட்டு இல்லங்களின் சங்கடம் வேறு. குளிர்ச்சி, அமைதி என்று சொல்லிப் பெரியவர்களைச் சேர்க்கிறீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே ஆள் கூட்டிப்போவது லேசில்லை. கீழேயிருந்து வருகிறவளுக்குக் கடைசி பஸ் பயம், மேலே ஊர்க்காரிக்குக் காப்பிப் பழம். கார்த்திகை கடைசியிலிருந்து மாசி வரை எஸ்டேட்டில் காப்பி பறிப்பு, கையில் உடனே காசு, கூட அக்கா தங்கை. மே மாதம் கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும், ரிசார்ட்டுகளில் அறை கூட்ட ஆள் வேண்டும். இந்த இரண்டு சீசனையும் எதிர்த்துச் சண்டை போட்டு ஜெயித்த நிர்வாகியை நான் பார்த்ததில்லை. வருடம் முழுக்க வா என்று இந்த மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்களை நெருக்காமல், பறிப்பு இல்லாத மாதங்களுக்கு என்றே பேசி, அடுத்த வருடமும் அதே ஆளைச் சம்பள உயர்வோடு எடுங்கள். பறிப்பு மாதங்களுக்கு அடிவாரம், கோரிமேடு பக்கத்து ஆட்களைப் பதினைந்து நாள் மேலே, ஏழு நாள் வீட்டில் என்று சுழற்றுங்கள், போக வர வண்டி உங்களுடையது. மேலே தங்கும் நாட்களிலும் டூட்டி எட்டு மணி நேரம்தான், தூங்க ஒரு கதவுள்ள அறையும் சுடுதண்ணீரும் வேண்டும். மார்கழிப் பனியில் பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டு யாரும் இரண்டாவது முறை மேலே ஏற மாட்டார்கள்.

அரசாங்கம் செய்யட்டும் என்பீர்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்றவர்கள் குறைந்தது 150 பேர் தங்கும்படி, மாநில அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது. இல்லங்களின் தரத்தை வகுக்கவும் இடம் தருகிறது. தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கில் 10.4 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. சட்டம் வந்து உங்களைத் திருத்தும்வரை காத்திருக்கலாம். அமெரிக்காவில் 2024-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள், இல்லத்தில் இருக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பு என்று. அங்கேயும் இல்ல முதலாளிகள் சொன்னது, "ஆள் எங்கே கிடைக்கிறது?" 2025-ல் டெக்சாஸ் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்துவிட்டது. அரசாங்கத்தை நம்பி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்காக இதைச் சொன்னேன். நான் மேலே கணக்குப் போட்ட 2 மணி 24 நிமிடத்தைக்கூட நீங்களாகத்தான் காப்பாற்ற வேண்டும்.

தனியாகச் செய்ய முடியாத ஒன்றும் இருக்கிறது, அதற்காகத்தான் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். லீவுக்கு மாற்று ஆள். ஒவ்வொரு இல்லமும் தனித்தனியாக ரிலீவர் வைத்துக்கொள்ள முடியாது. அஸ்தம்பட்டி, கோரிமேடு, கன்னங்குறிச்சி சுற்றி இருக்கும் நாலைந்து இல்லங்கள் சேர்ந்து, நன்றாகத் தேர்ந்த நாலு பேரை நிரந்தரச் சம்பளத்தில் வைத்து, தேவைப்படும் இடத்துக்கு அனுப்பலாம். செலவைக் கட்டில் எண்ணிக்கைப்படி பிரித்துக்கொள்ளலாம். எல்லா இல்லமும் தெரிந்த ஆட்கள் என்பதால் இவர்கள் சம்பளம் மற்றவர்களைவிடக் கூடவே இருக்க வேண்டும். பழைய ஆயாக்களுக்கு மேலே போக ஒரு படியும் ஆகும், இப்போது அவர்களுக்கு ஒரு படியும் கிடையாதே. சார்ட் போட, ஆட்களைத் தேர்ந்தெடுக்க, முதல் மூன்று மாதம் கூட இருந்து பழக்கிவிட நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம், ஆட்டோக் காசு கொடுத்தால் போதும். ஒரே நிபந்தனை, சேருகிற இல்லம் தன் கட்டில் எண்ணிக்கையை ஆள் எண்ணிக்கையோடு சேர்த்து வாசல் போர்டில் எழுத வேண்டும்.

சேரும் எண்ணம் இருக்கிறவர்கள் ஐப்பசிக்குள் சொல்லுங்கள். பொங்கலுக்கு யார் யார் ஊருக்குப் போகிறார்கள், என்று திரும்புவார்கள் என்ற பட்டியலைக் கார்த்திகையிலேயே ஆட்களிடம் கேட்டு வாங்கிவிட வேண்டும். மார்கழியில் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
சேலம்